கி முற்றுப்புள்ளி மீ

என் வீட்டுக்காரருக்குக் கள்ளச்சாராயத்தில் கண் போனது. உயிர் தங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து கருணாபுரம் வந்தபின் பேச்சை நிறுத்திவிட்டார். சோறு வேண்டும், வேண்டாம். அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

மறுபடி கண் காட்டப் போன இடத்தில், பார்வையில்லாத ஒருவர் என் போனில் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். தமிழில் எழுதியிருப்பதை அது வாய்விட்டுப் படிக்கும். காசு கிடையாது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து செய்தது, பிழை கண்டால் யாரும் எழுதிப் போடலாம், தெரிந்தவர்கள் திருத்தவும் செய்யலாம் என்றார்.

என் தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"ஓசில எவன்க்கா செஞ்சி குடுப்பான்? உள்ள எதனா வெச்சிருப்பான்."

"நம்ம வூட்ல எடுத்துக்கினு போக இன்னாடா இருக்குது?"

"எவன் வேணா திருத்தலாம்னா, எவன் வேணா கெடுக்கலாமில்ல?"

அவன் கேட்டது நியாயம். அப்படி நடந்தும் இருக்கிறது. யாரோ விளையாட்டுக்கு ஒரு கெட்ட வார்த்தையைச் சொருகியதும், வேறு யாரோ பார்த்து எடுத்ததும், அதைச் செய்கிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்திலேயே இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மறைக்கவில்லை. அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. தன் தப்பை இப்படி வெளியில் வைக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தம்பி இருக்கும்போதே ஒரு செய்தியைப் படிக்கவிட்டேன். வெள்ளிமலைப் பாதையில் மண் சரிந்த செய்தி. "இரண்டு கி முற்றுப்புள்ளி மீ முற்றுப்புள்ளி" என்றது போன்.

சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார்.

"கிலோமீட்டர்னு சொல்லுடா, மடையா!"

தம்பி பயந்துவிட்டான். "மாமா, அது மிஷினு."

"மிஷினுன்னா? தப்பு தப்புதான? எழுதுடி."

அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினேன். சில நாளில் பதில் வந்தது. முகம் தெரியாத ஒரு பெண். வெளிநாடு போலிருக்கிறது. போனையே படிக்கவிட்டேன். "நீங்கள் சொன்னது சரி. திருத்திவிட்டோம். இன்னும் பிழை இருந்தால் சொல்லுங்கள்."

கூலி வேலைக்குப் போனவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. வெளியாள் கைவைக்க முடியாதபடி பூட்டி வைத்த பொருளாக இருந்தால் இவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இன்னான்னு எழுதட்டும்?" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தார்.

"இருக்குதுன்னு எழுது. ஜாஸ்தி இருக்குது. ஒண்ணொண்ணா சொல்றேன்."