அக்கா பெயரில் நான் அனுப்பிய பதில்

அக்கா பக்கத்தில் தூங்குகிறாள். போர்வைக்குள் ஒளிந்து இதை எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்!

அக்கா பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். இன்று ஆன்லைன் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குச் சுடிதார் எடுக்கப் போய்விட்டாள்.

"கேமராவ ஆன் பண்ணாத. பேர் கூப்பிட்டா சாட்ல 'பிரசென்ட் மேம்'னு போடு. வேற எதாவது போட்ட, கொன்னுடுவேன்."

நான் பதினொன்றாம் வகுப்புதான். சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். கதையைப் படித்துக் கட்டுரை எழுதுவது எப்படி என்று மேடம் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆங்கிலக் கதையில் ஒரு தஞ்சாவூர்ப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, "அம்மா, ஐ ஆம் கோயிங்" என்கிறாள். உடனே அம்மா அழுகிறாள். ஏன்?

எல்லாரும் பெண் விடுதலை, தலைமுறை இடைவெளி என்று போட்டார்கள்.

"கைடுல இருக்கறதையே சொல்லாதீங்கப்பா. அந்த வரியில எது அவங்கள அழ வைக்குது?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நம் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வோம். இவள் 'வரேன்' என்பதை விட்டுவிட்டாள்" என்று அனுப்பிவிட்டேன்.

மேடம் அதைச் சத்தமாக வாசித்தார். பிறகு, "இதாம்ப்பா அனாலிசிஸ்! நித்யா, இதையே கட்டுரையா எழுதி திங்கக்கிழமை கிளாஸ்ல வாசிக்கிறீங்க" என்றார்.

நித்யா என் அக்கா!

சாயங்காலம் வந்தவள், "அட்டெண்டன்ஸ் போட்டியாடி?" என்று மட்டும் கேட்டாள். போட்டேன் என்றேன்.

இப்போது கட்டுரையை மூன்று பக்கம் எழுதி முடித்துவிட்டேன். எதையும் பார்த்து எழுதவில்லை. அதை அவளிடம் அடி வாங்குவதற்கு முன்னால் கொடுக்கட்டுமா, பின்னால் கொடுக்கட்டுமா?