பதினெட்டு மாதம் நீலம்

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு தரும ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். நர்ஸ் இல்லை, நோயாளிகளுக்கு அட்டை எழுதுகிறவள். ஆனாலும் எல்லோரும் என்னை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

வாரத்தில் இரண்டு காலைகள் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு. அந்த இரண்டு நாளும் எனக்குத் தலைவலி நிச்சயம். போன மாதம் அப்பா பெயரை இனிஷியலாகச் சொன்னவர் இந்த மாதம் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வார். படப்பையிலிருந்து வரும் ஒரு அம்மாவுக்கு மூன்று அட்டை இருந்தன; மூன்றிலும் வேறு வேறு மாத்திரை. அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மழையில் தலைக்குப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நான் எழுதியதெல்லாம் கரைந்து ஊதாவாக வழிந்திருக்கும். “போன தடவை எவ்வளவு குடுத்தோம்?” என்று டாக்டரம்மா கை நீட்டும்போது நான் பெட்டியைக் கிளறிக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு குப்பைக்கும் நடுவே ஒரு அட்டை மட்டும் பார்க்கவே அழகாக இருந்தது. பீர்க்கன்கரணையிலிருந்து வரும் கணக்கு வாத்தியாருடையது.

அப்போது சிறுநீரில்தான் சோதனை. நோயாளி வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார். கம்பவுண்டர் அதில் சில சொட்டை நீல மருந்தில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் நிலைமை மோசம். அந்த நிறத்தை நான் அட்டையில் எழுத வேண்டும்.

வாத்தியாருக்கு முதல் மூன்று மாதமும் செங்கல் நிறம். டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் அவரைப் பிடித்துத் திட்டினார். “பையன் ஃபெயிலானா நீங்க இன்னா பண்ணுவீங்க சார்? அதைத்தான் நான் பண்றேன்.” நாலாவது மாதத்திலிருந்து நீலம். தொடர்ந்து பதினெட்டு மாதம் நீலம். டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். புதிதாக வருகிறவர்களிடம் அந்த அட்டையை எடுத்துக் காட்டச் சொல்வார். நானும் ஏதோ நானே குணமாக்கியது போல எடுத்துக் காட்டுவேன்.

ஆனால் வாத்தியாரின் காலில் செருப்பு வார் கடித்த புண் ஆறவே இல்லை. மாதம் ஆக ஆகப் பெரிதாகிக்கொண்டே போனது. டாக்டரம்மா கம்பவுண்டரிடம் மருந்து பழசா என்று கேட்டார். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு புது பாட்டிலை உடைத்தார். அப்போதும் நீலம்தான். பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

“வேற யாரோடதையாவது இவர் அட்டையில எழுதிட்டியா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து பெட்டி முழுவதையும் சரிபார்த்தேன். ஒரு தவறும் இல்லை.

அடுத்த மாதம் பச்சை வந்தது. “பரவாயில்ல” என்றார் டாக்டரம்மா. அதற்கடுத்த மாதம் செங்கல் நிறம். கம்பவுண்டர் தானாகவே இரண்டாம் முறை காய்ச்சினார். மறுபடி அதே.

டாக்டரம்மா அன்றைக்குத் திட்டவில்லை. “கல்யாணச் சாப்பாடா சார்?” என்று மட்டும் கேட்டார்.

வாத்தியார் எழுந்து நின்றார். “இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க டாக்டர்.”

“ரெண்டு தடவை பாத்தாச்சு.”

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அது என்னோடது இல்ல டாக்டர். என் வீட்டம்மாவோடது.”

பரீட்சை ஹாலில் காப்பியடித்த பையன்களை முப்பது வருஷம் கையும் களவுமாகப் பிடித்தவர் அவர். திட்டுக்குப் பயந்து ஒன்றரை வருஷத்துக்கு மேலாக மனைவியின் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நான் அதையெல்லாம் முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. மனைவிக்கு வந்துவிட்டதே என்ற பயம்தான் அவரைப் பேச வைத்தது.

மறுநாள் காலை மனைவியை அழைத்துவந்தார். ஒல்லியான பெண்மணி, கையில் குடை.

“உங்களோடதை எதுக்குக் கேக்கறார்னு நீங்க கேக்கலையாம்மா?” என்றார் டாக்டரம்மா.

“ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பாக்கறாங்கன்னு சொன்னாரு. என்னோடது நல்லா கீதுன்னு மாசா மாசம் வந்து சொல்லுவாரு. நானும் நிம்மதியா இருந்தேன்.”

டாக்டரம்மா இருவரையும் அங்கேயே சோதித்தார். இரண்டும் செங்கல் நிறம். பிறகு வாத்தியாரின் அட்டையை என்னிடம் நீட்டினார். “முதல் மூணு மாசத்தைப் புது அட்டையில இவருக்கு எழுது. மீதி அந்தம்மாவோடது. பேரை மாத்து.”

பேரை மாற்றுவதாம். எடை அவருடையது, மாத்திரை அவருடையது, நிறம் மட்டும் அந்த அம்மாவுடையது. ஒவ்வொரு வரியிலும் பாதியைச் சிவப்பு மையால் அடித்தேன். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. வாத்தியாரின் புது அட்டையில் மூன்று வரிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நடுவில் அவர் உடம்பில் என்ன நடந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய கால்விரல் ஒன்றை எடுத்தார்கள். திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்தே வர ஆரம்பித்தார்கள். அந்த அம்மாவுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டதால் மாத்திரையிலும் சாப்பாட்டிலுமே அடங்கிவிட்டது.

ஒருநாள் டாக்டரம்மா வரத் தாமதமானபோது அந்த அம்மா என் மேஜைக்கு வந்தார்.

“சிஸ்டர், என்னோட பழைய கலரெல்லாம் கொஞ்சம் படிச்சுக் காட்டறீங்களா?”

அடித்தல் திருத்தலுக்கு நடுவே தேடித் தேடி மாதம் மாதமாகப் படித்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லாம் நான்தான் கொண்டாந்து குடுத்தேன்” என்றார் வாத்தியார், பெஞ்சில் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் அந்த அம்மா. “நீங்க படிங்க சிஸ்டர்.”