கோடாரிப் பக்கம்

எனக்குக் கோபம் வந்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். சீமைக்கருவேலத்தைக் கண்டால் அது ஒரு பங்கு கூடவே வரும். என் அண்ணனின் இடது கண்ணைக் குத்திக் கெடுத்தது அதன் முள்.

நெற்குப்பை ஊரில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் கலைக் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. என்னோடு சேர்ந்து ஒரு சிற்பம் செய்ய மெக்சிகோவிலிருந்து ஒருத்தி வந்தாள். சீமைக்கருவேலம் அவள் சீமையிலிருந்து வந்த மரம். பஞ்ச காலத்தில் அதன் காயை இடித்து ரொட்டி சுட்டுத்தான் அவள் அம்மா பிள்ளைகளை வளர்த்தாளாம். அவள் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஒரே அடிமரத்தை நட்டுவைத்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவள் பக்கம் சிவப்புத் துணி, அம்மாவின் போட்டோ, காய்ச் சரம். என் பக்கம் கரிப்பூச்சும் கோடாரி வெட்டும். கண்காட்சி முடிகிற அன்று மரம் சாய வேண்டும் என்பது என் திட்டம். திறப்புக்கு முன்பிருந்தே தினமும் வெறிகொண்டு வெட்டினேன். ஒருநாள் சிராய் தெறித்து அவள் கன்னத்தைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு அவள் பாட்டுக்குத் துணி கட்டினாள். பொய் சொல்வானேன், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

திறப்பு நாளில் அண்ணனை வரவழைத்து, கூட்டத்தின் நடுவே கோடாரியை அவர் கையில் கொடுத்தேன்.

"ஒங்க கண்ணைப் பறிச்ச சனியன் இதுதாண்ணே. இன்னைக்கு வெட்டு நீங்க போடுங்க."

அவர் அந்தப் போட்டோவைப் பார்த்தார். என் வெட்டுகளைத் தடவினார். கோடாரியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஓங்கி அறைந்தார். காது அடைத்துப்போனது. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

"மழையில்லாத மூணு வருசமும் இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தானடி ஒன்னயப் படிக்க வச்சேன். அப்பத்தானே முள்ளு ஏறுச்சு. கண்ணுக்குப் பழி வாங்கணும்னா மொதல்ல ஒன்னயத்தான் வெட்டணும்."

எனக்குத் தெரியாததை அவர் சொல்லவில்லை. கண்காட்சி வாசலில் வைத்த விளக்கப் பலகையில் முள்ளைப் பற்றி எழுதிய நான், கரிமூட்டத்தைப் பற்றி எழுதவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

மெக்சிகோக்காரிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஈரத்துணியோடு ஓடிவந்து என் வாயைத் துடைத்தாள். அண்ணன் கோடாரியை எடுத்துக்கொண்டு சிங்கம்புணரி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மரம் இன்னும் சாயாமல் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள், என் பக்கம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்கிறார்கள். கை வலித்துவிட்டது என்று சொல்லிவைக்கிறேன்.