டீசல் துணி

வாவிக்கரையில் வாகனம் கழுவும் இடமொன்றில் ஏழு மாதம் வேலை செய்தேன். அதற்கு முன் பாசிக்குடா ஹோட்டலில் சட்டி கழுவினேன். அதற்கும் முன் வயல் வட்டைகளில் நெல் மூட்டை தூக்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எதையும் செய்யலாம், எங்கேயும் நிலைக்கத் தேவையில்லை.

அங்கே சில்லுகள், அதாவது சக்கரங்கள், என் பொறுப்பு. பிரேக் பிடிக்கும்போது உதிரும் தூள் சூட்டில் வெந்து அலோய் சில்லில் கறுப்பாக ஒட்டிவிடும். சவர்க்காரத்துக்கு மசியாது. அதற்கென்று ஒரு மருந்துத் தண்ணீர் உண்டு. ஆறிய சில்லில் அடித்து, ஊறவிட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவி, திரும்பவும் அடிக்க வேண்டும். டீசல் துணியால் துடைத்தால் சட்டென்று போகும். ஆனால் டீசல் பிரேக் டிஸ்கில் படவே கூடாது, பட்டால் பிரேக் வழுக்கும் என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார்.

அங்கு வந்த கார்களில் அதிகம் கறுத்திருந்தது, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவருடையது. வெள்ளிதோறும் மனைவியை ஏற்றிக்கொண்டு களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். கறுப்புக்குக் காரணத்தை அந்த அம்மாவே சொன்னார்.

"இவர் ஓடுறத விட பிரேக்கில நிக்கிறதுதான் கூட மனே. ஆடு தூரத்தில தெரிஞ்சாலே கால் போயிரும்."

ஆட்டுக்குப் பிரேக் இல்லையே என்றார் ஐயா.

அந்த வெள்ளி மருந்துத் தண்ணீர் முடிந்திருந்தது. முதலாளி வாங்கப் போயிருந்தார். பூசைக்கு நேரமாகிறதென்று அம்மா இரண்டு தரம் சொன்னார். கறுப்பை அப்படியே விட்டிருக்கலாம், அவர்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் டீசல் துணியை எடுத்தேன். முன் சில்லுகள் இரண்டும் மினுங்கின. சில்லுக் கம்பிகளுக்கிடையால் டீசல் உள்ளே டிஸ்கில் வழிந்ததைக் கண்டேன். வெறும் தண்ணீரை அடித்துவிட்டு, சரி ஐயா என்றேன்.

கல்லடிப் பாலம் தாண்டி, வீதியோரம் நின்ற ஓட்டோவின் பின்னால் கார் மோதியது. ஓட்டோவில் ஆள் இல்லை. அம்மாவின் நெற்றியில் நாலு தையல்.

அடுத்த கிழமை மருமகன் காரை ஓட்டிவர இருவரும் வந்தார்கள். விற்கப் போகிறார்களாம், நன்றாகக் கழுவ வேண்டுமாம். கராஜில் பார்த்ததில் பிரேக்கில் ஒரு குறையும் இல்லையாம். அதற்குள் ஓடிய ஓட்டத்தில் டீசல் எரிந்து போயிருக்கும். அது எனக்குத் தெரியும், ஐயாவுக்குத் தெரியாது.

"மிதிச்சன் எண்டுதான் நினைச்சன்," என்றார் ஐயா. "கால் பிந்திட்டு. இனி இந்தக் கால நம்பி இவவ ஏத்தேலாது."

நான் அந்தச் சில்லைத் தேய்த்து முடித்தேன். பிறகு எழுந்து ஐயாவிடம் போனேன்.

"ஐயா, அண்டைக்கு டீசல் கொஞ்சம் பட்டிருக்கும். அதால பிரேக் வழுக்கியிருக்கும்."

அவர் என் தோளில் கை வைத்தார். "என்னத் தேத்துறதுக்காக உன்ட தலையில பழியப் போடாத மனே."

முதலாளி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் இல்லை ஐயா, வழிய வழியத் தேய்த்தேன், கண்ணால் கண்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் திரும்பிப் போய்ச் சில்லடியில் குந்தினேன். மாதம் முடியமுன் அந்த வேலையை விட்டேன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை கல்முனை பஸ்ஸில் அவர்களைக் கண்டேன். நெரிசலில் அவர்களுடைய இருக்கையின் அருகே நின்றேன். அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் திருநீற்றுக்குக் கீழே தழும்பு தெரிந்தது. முன்னால் ஒரு மாடோ சைக்கிளோ வரும்போதெல்லாம் ஐயாவின் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது. ஒவ்வொரு தரமும் சாரதி பிரேக் பிடிப்பதற்கு முன்பே அழுத்தியது.

கல்முனைக்கு டிக்கட் எடுத்திருந்த நான் ஆரையம்பதியிலேயே இறங்கிவிட்டேன்.