பலெர்மோவில் ஒரு முழ மல்லிகை

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பகேரியாவில் ரயில் ஏறினேன். பலெர்மோவுக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான். வலப்பக்கம் கடல் கூடவே வருகிறது. மடியில் நான் தமிழாக்கிய நவீன அரபுக் கவிதைகள். எந்தக் கவிஞரை எடுத்தாலும் அதே ரொட்டி, அதே சாவி, அதே ஒலிவ மரம், வாசலில் காத்து நிற்கும் அதே தாய். ‘தாய் என்றால் பறிகொடுத்த மண்’ என்று அடிக்குறிப்பு எழுதி எழுதிக் கை தேய்ந்துவிட்டது எனக்கு.

கடலில் மாண்ட அகதிகளுக்காகப் பல்லரோ சந்தையின் பின்புறம் ஒரு தேவாலய மண்டபத்தில் கவிதை வாசிப்பு. கூப்பிட்டவர் ஜெசிந்தா அக்கா, மன்னார்க்காரர், இங்கே வீட்டு வேலை செய்கிறார்.

“வாங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்” என்றவர், தன் இத்தாலிய முதலாளியம்மா, சிஞ்ஞோரா வீட்டுப் பல்கனி மல்லிகையை மேசை அலங்காரத்துக்கென்று ஒரு முழம் தொடுத்து வைத்தார்.

பக்கத்தில் சல்மா. அகதிப் படகேறிப் போய்க் காணாமல்போன மகன் யூசுப்பைத் தேடித் துனீசியாவிலிருந்து வந்தவர். பெயரில்லாமல் எண் மட்டும் போட்ட ஒரு கல்லறை இங்கே இருக்கிறது. அது அவனுடையதா என்று மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க, திங்கட்கிழமை எச்சில் மாதிரி கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள்.

மேசைமேல் யூசுப்பின் படம், பக்கத்தில் பூ. தமிழன் கை சும்மா இருக்குமா? படத்துக்குச் சூட்டிவிட்டேன்.

“ஐயோ, கழட்டுங்கோ!” அக்கா பதறினார். “மாலை போட்டா ஆள் முடிஞ்சுதெண்டெல்லோ அர்த்தம்! எங்கட அண்ணா காணாமப் போய் இவ்வளவு வருசம். அவற்ற படத்துக்கு நான் இன்னும் ஒரு பூ வைக்கேல்லை.”

என்ன சொல்கிறார் என்று சல்மா அரபியில் கேட்டார். மழுப்பத் தெரியவில்லை, சொன்னேன். சல்மா படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்:

“அண்ணனுக்கு எப்போது போடுவாராம்?”

“ஆர் வந்து என்ன சொன்னாலும் போடமாட்டன் எண்டு சொல்லுங்கோ.”

அதையும் சொன்னேன். சல்மா தானே மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, படத்தைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். அன்று ரொட்டிக் கவிதையையும் சாவிக் கவிதையையும் வாசித்தேன். தாயைப் பற்றியதை வாசிக்கத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க் காலை விமான நிலையத்திலிருந்து அக்காவை அழைத்தேன்.

“நானும் அவவோட போனனான், தம்பி. கதிரையில இருந்தவா, பேரும் சொன்னவா. பஞ்சுக்குச்சியை நீட்டினோடனை வாயை இறுக்கி மூடிட்டா. டாக்குத்தர் எவ்வளவோ கெஞ்சிப் பாத்தவர்.”

“நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையா, அக்கா?”

“என்னத்தைச் சொல்ல? கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில இருந்தனான்.”

விமானம் ஏறியும் மனம் ஆறவில்லை. வீட்டில் கவிதைத் தொகுப்பு அச்சுக்குக் காத்திருக்கிறது. தாய்க்கு என்ன அடிக்குறிப்பு எழுதுவது என்று இப்போது தெரியவில்லை. எண் போட்ட கல்லறைக்குள் கிடப்பது யூசுப்தான் என்றால், அவனுக்கு இனி ஒருநாளும் பெயர் கிடைக்காது. அக்கா சொன்னதை அவன் தாய்க்கு அரபியில் எடுத்துச் சொன்னவன் நான்.