ஒன்பது படிகள்

ஆம்பூரைத் தாண்டி பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே ஆரம்ப சுகாதார நிலையம். இதற்கு வரைபடம் போட்டவன் நான். கட்டிடத்தை இப்போதுதான் பார்க்கிறேன். கீழ்ப்படியில் நாலைந்து வயதானவர்கள் மருந்துச் சீசாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“மேலே போகலையா?” என்று ஒருவரைக் கேட்கிறேன்.

“தோல் பதப்படுத்துற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில நின்னு நின்னு முட்டி போச்சு சார். ஒம்போது படி எப்படி ஏறுறது? யாராச்சும் வந்தா சீசாவைக் குடுத்தனுப்புவோம். இத்தக் கட்டினவனுக்கு வயசே ஆவாதா?”

வரைபடம் போடும்போதே நான்கு படி போதும் என்றார் கட்டிட மேஸ்திரி. சாலையிலிருந்து பார்த்தால் எடுப்பாக இருக்காது என்று ஒன்பதாக்கினேன்.

அவருடைய சீசாவை வாங்கிக்கொண்டு ஏறுகிறேன். நிரப்பி வந்து கொடுத்ததும் கும்பிடுகிறார்.

“நல்ல மனுசன் சார் நீங்க.”

மறுக்காமல் பஸ்ஸை நோக்கி நடக்கிறேன்.