மேற்குச் சுவரில் வளர்த்த செடிகள்

என் கணவர் அரபு நாட்டில் பதினோரு வருஷம் செடிக்குத் தண்ணீர் விட்டார். தரையில் நிற்கும் செடிக்கு அல்ல. உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரை மூடி வளர்க்கும் செடிகளுக்கு. உள்ளே சூடு இறங்காது, ஏசிக்குக் கரண்ட் குறையும் என்று அங்கே அப்படி வளர்க்கிறார்கள். கம்பித் தொட்டிலில் தொங்கியபடி வெயிலில் வேலை. ஒன்றுக்குப் போக அடிக்கடி இறங்க முடியாது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். இரண்டு கிட்னியும் கெட்ட பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

தென்காசியில் நாங்கள் வாடகைக்கு இருந்தது மாடி வீடு. மத்தியானத்துக்கு மேல் மேற்குச் சுவரில் கை வைக்க முடியாது. அவர் குடிக்கும் தண்ணீரை டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். தூக்கம் வராமல் உதட்டை நக்கிக்கொண்டே படுத்திருப்பார். ஒருநாள் தானாகவே கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"செவருக்கு வெளிய செடி வச்சுக்கிடட்டுமா அண்ணாச்சி? ஒரு சாண் தள்ளிக் கம்பி அடிச்சிருதேன். ஈரம் செவருல படாது."

வெல்டர் கம்பி அடிக்க, இவர் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை காட்டினார். குற்றாலத்து நர்சரியில் நான் செடி வாங்கி வந்தேன். டேப்பிலிருந்து ட்யூப் இழுத்துச் செடிக்குத் தண்ணீர் விட்டோம். பங்குனிக்குள் சுவர் மறைந்துவிட்டது. ஒரு மத்தியானம் அவர் குறட்டை விடும் சத்தம் கேட்டது. அடுப்படியில் அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் அவருக்கு மூச்சு முட்டியது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில், செடிக்குத் திறந்த டேப்பை நான் அடைக்கவில்லை. ட்யூப் ஒன்று கழன்று சுவரிலேயே தண்ணீர் ஓடியிருக்கிறது. பத்து நாள் கழித்துத் திரும்பினோம். கம்பியும் இல்லை, செடியும் இல்லை.

வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கீழ ரூம்ல மருமவ கைப்பிள்ளையோட படுத்திருக்கா. செவரு பூரா பூஞ்ச. நான் என்னம்மா செய்ய?"

"தப்பு என் மேலதான் அண்ணாச்சி" என்றேன்.

மாடியில் என் கணவர் படுத்தபடியே சுவரைத் தொட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "ட்யூபு களண்டுட்டோ?"

"நான் டேப்பை அடைக்காமப் போயிட்டேன்."

அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

சன்னலில் ஈரச் சேலை கட்டினேன். வாசலில் தண்ணீர் தெளித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பதினாறாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்குப் போய்விட்டார். இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வெயிலைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாரல் விழத் தொடங்கிச் சுவர் குளிர்ந்த பிறகுதான் அந்த வீட்டைக் காலி செய்தேன்.